திருடனுக்கு ஒரு சிலை

கலகக்காரக் கலைஞனைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மாட்கள் நேராக அவனுடைய சாவில் போய் நின்றுவிடுகிறார்கள். சிற்பி கே.பி. கிருஷ்ணகுமாருக்கும் இதுதான் நடந்தது. 1989 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார்; அன்றோடு அவர் ஒரு தொன்மம். சரி, சிற்பங்களை யார் பார்த்தது?

1987இல் பரோடாவில் 'கேள்விகளும் உரையாடலும்' கண்காட்சியை நடத்தியவர்கள் தங்களைத் தீவிர ஓவியர்கள், சிற்பிகள் என்று அழைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் மலையாளி இளைஞர்கள். அறிக்கையை எழுதியவர் அனிதா துபே. சந்தையோடு மட்டுமா மோதினார்கள்? முற்போக்கு என்று பெயர் வாங்கிய முன்னோடிகளையும் விடவில்லை. 1981இல் 'மக்களுக்கான இடம்' கண்காட்சியில் பூபேன் கக்கர், குலாம் முகம்மது ஷேக், விவான் சுந்தரம் முதலானோர் சாதாரண மனிதர்களைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது யார், அந்தப் படம் யார் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது என்பது தீவிரர்களின் கேள்வி. 1989இல் பம்பாயில் நடந்த சோத்பிஸ் ஏலத்தை எதிர்த்ததும் இதன் நீட்சிதான்.

கிருஷ்ணகுமாரின் 'திருடன்' (1985) வண்ணம் பூசிய ஃபைபர் கிளாஸ். வெண்கலத்தின் கௌரவம் அதற்குக் கிடையாது. நம்ம ஊர்களில் சிலை யாருக்கு வைக்கிறோம்? மன்னனுக்கு, தலைவனுக்கு. அந்த இடத்தில் திருடன் வந்து நிற்கிறான். பரிதாபம் கேட்கவில்லை, பிரதிநிதித்துவமும் கேட்கவில்லை. என் வாசிப்பில் அறிக்கையைவிடக் கூர்மையான அரசியல் இதில்தான் இருக்கிறது.

ஆனால் கூட்டுச் செயல்பாடு பேசிய குழுவின் மேல் ஒரு தனி ஆண் நாயகனின் நிழல் விழுந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவர் போனதும் குழுவும் கலைந்தது.

2018இல் அனிதா துபே கொச்சி பினாலேயின் முதல் பெண் நெறியாளர் ஆனார். அந்நியமாகாத வாழ்வுக்கான சாத்தியங்கள் என்பது அவர் வைத்த கருப்பொருள். அரசுப் பணமும் நிறுவனப் பணமும் சேர்ந்து நடக்கும் விழா அது. 'விலைபோயிட்டாங்க' என்று தோழர்கள் சொல்வது சுலபமான தீர்ப்பு. எனக்கு அது உதவாது. 2019இல், அந்த விழாவின் அரங்க வேலைகளுக்குப் பணம் பாக்கி என்று ஒப்பந்தக்காரர் தரப்பு வெளிப்படையாகப் புகார் சொன்னது. பினாலே தரப்பு கணக்கை ஏற்கவில்லை. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு. அந்நியமாதல் பற்றிப் பேசும் அரங்கை நிறுத்தியவனின் கூலி, கலைவிமர்சனத்துக்குள் வருமா வராதா?

கலகக்காரனின் படைப்பை நிறுவனம் வாங்கிக்கொள்ளலாம். கேள்வியை வாங்க முடியாது, நாம் அதைத் தொடர்ந்து கேட்கிறவரை. இந்தப் பத்திரிகையின் அச்சுக் கூலியிலிருந்தே தொடங்கலாம்.