எட்டுக்கு நாலு அடி விண்கலம்

1989-இல் தூர்தர்ஷனில் வந்த ‘இந்திரதனுஷ்’ தொடரைப் பற்றி மும்பையில் யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழும் தகவல் ஒன்றுதான்: அதில், பின்னாளில் இயக்குநரான கரண் ஜோஹர் பதின்வயதுப் பையனாக நடித்தார். ஆனந்த் மஹேந்த்ரூ இயக்கிய தொடர் அது. பிள்ளைகள் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரைச் செய்கிறார்கள். அது அவர்களைக் காலம் கடந்து கூட்டிப்போகிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப் சாலில் (வரிசைக் குடியிருப்பில்), பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்த எங்களுக்குக் கரண் ஜோஹர் யாரென்றே தெரியாது. எங்கள் கண்ணெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிமேல்தான் இருந்தது. அதைச் செய்தவர் யார், உள்ளே விளக்கு எப்படி எரிந்தது என்று இன்று தேடினால், திரும்பத் திரும்பக் கரண் ஜோஹர்தான் வருகிறார்.

படப்பிடிப்புத் துணுக்குகளைச் சில்லறை விஷயம் என்று தள்ளுகிற விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல துணுக்கு ஒரு திறனாய்வுக் கட்டுரை செய்கிற வேலையை நாலே வரியில் செய்துவிடும். 1966-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘ஸ்டார் ட்ரெக்’கில் ஆட்கள் ஒளியாகக் கரைந்து வேறொரு கிரகத்தில் முளைப்பார்கள். வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைக் காட்டப் பணம் கட்டுப்படியாகவில்லை என்பதால் பிறந்த ஏற்பாடு அது. அதே தொடரில் மருத்துவர் கையில் மின்னும் கருவிகள் சில, உப்புக் குப்பிகள். ஒரு கதைக்காக விதவிதமாக வாங்கிவந்தார்கள். பார்ப்பவருக்கு அவை உப்புக் குப்பி என்றே விளங்காது என்று தோன்றியதும் மருத்துவப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். எதிர்காலம் என்று நாம் வாய்பிளந்து பார்த்ததன் வடிவத்தைக் கணக்குப்பிள்ளையின் பேரேடும் கடைவீதியும் தீர்மானித்தன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாடும் எனக்குச் சொல்லவில்லை.

அப்படி எதிர்காலத்தைக் கையால் செய்தவர் ஒருவர் எங்கள் சாலிலேயே இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தச்சர். செம்பூரிலும் கோரேகாவிலும் ஸ்டூடியோக்களில் செட் வேலைக்குப் போவார். தொடர்களில் வரும் விண்கலத்துச் சுவரில் மட்டும் ஏன் வரிவரியாகக் கோடு ஓடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். “பிளைவுட்டு எட்டுக்கு நாலுதாம்ல வரும். அறுத்தா சேதாரம். ராக்கெட்டுன்னாலும் அதே கணக்குதான்” என்றார். நாலு அடிக்கு ஒரு ஒட்டு விழும். ஒட்டை மறைக்க ஒரு பட்டை. பட்டைக்கு வெள்ளி வண்ணம். அன்றிலிருந்து எந்த நாட்டு விண்கலத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஒட்டைத்தான் தேடுகிறது. அதனால் வியப்பு குறையவில்லை. மரத்தூள் மணக்கும் கையால் ஆனது என்று தெரிந்தபின் கூடத்தான் செய்தது.

துணுக்கு சொல்லும் இந்தப் பழக்கத்தின் பெரிய நோய், சரிபார்க்காமல் கைமாறுவது. பிபிசி தொடரான ‘டாக்டர் ஹூ’வின் டாலெக் எந்திரங்களுக்கு அந்தப் பெயர் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் முதுகைப் பார்த்து வைத்தது என்று கதாசிரியர் டெர்ரி நேஷன் சொன்னார். பிறகு அவரே அது தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மிளகுக் குப்பியைப் பார்த்து டாலெக்கை வடிவமைத்தார்கள் என்பது இன்னொன்று. வடிவமைப்பாளர் ரேமண்ட் கியூசிக், அது எப்படி நகரவேண்டும் என்று காட்டத்தான் மேஜையிலிருந்த குப்பியை எடுத்து நகர்த்தினார். சுவைக்காகச் சொன்னது வரலாறாக உறைந்துபோகிறது.

ஆனால் அந்தக் கியூசிக்கின் பெயரைக் காப்பாற்றியதும் இதே பழக்கம்தான். பிபிசியில் மாதச் சம்பளக்காரர் அவர். டாலெக் பொம்மைகள் உலகெங்கும் விற்றபோது வருமானத்தில் பங்கு கதாசிரியருக்குப் போயிற்று. வடிவம் தந்தவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அன்பளிப்புத் தொகை. ரசிகர்கள் ஆண்டுக்கணக்காக அவரைத் தேடிப்போய்க் கேட்டு எழுதியதால்தான் இன்று நமக்கு அந்தப் பெயர் தெரிகிறது. தொடரின் ஆரம்பகால நாடாக்களை பிபிசியே அழித்து, 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் காணாமல் போனபோதும், வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தவர்கள் ரசிகர்களே.

நம் பக்கம் நடப்பது எனக்கு வேதனை தருகிறது. 1998-இல் கேதன் மேத்தா எடுத்த ‘கேப்டன் வ்யோம்’ தொடர் என்றதும் அதன் நாயகன் மிலிந்த் சோமனின் உடற்கட்டுதான் பேச்சாகிறது. மேத்தா பின்னாளில் மாயா நிறுவனத்தின் வழியாக அனிமேஷன் பயிற்சிக்கூடங்கள் நடத்தியவர். மும்பையில் தச்சர் கையிலிருந்த ஆகாயம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த மாற்றத்தில் வேலை இழந்தவர் யார், புதிதாகக் கற்றுக்கொண்டவர் யார் என்பதுதான் நமக்கு வேண்டிய துணுக்கு. தமிழிலும் இதே கதை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஜீனோ என்ற எந்திர நாயின் வசனங்களை ரசித்துச் சொல்கிற நாம், திரையில் அது நடமாட உழைத்தவர்களை விசாரித்ததில்லை.

தந்திரத்தை வெளியே சொன்னால் மாயம் கலைந்துவிடும் என்பார்கள். ‘சக்திமான்’ காலத்தில் தாராவியில் பிள்ளை வளர்த்த தாய்மாரிடம் அப்படிச் சொல்ல முடியாது. 1997-இல் தொடங்கிய அந்தத் தொடரைப் பார்த்து, சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றிப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொன்னார். எச்சரிக்கையோடு கூடவே அவரைத் தொங்கவிட்ட கம்பியையும், பின்னால் விரித்திருந்த ஒற்றை நிறத் திரையையும் ஒருமுறை காட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கேட்டு எழுதிவைக்க நாளும் அதிகம் இல்லை. செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவில் 2017 செப்டம்பரில் தீப்பிடித்தபோது பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த உடைகள் சாம்பலாயின. செய்திகளில் அவற்றை அணிந்த நட்சத்திரங்களின் பெயர்கள் வந்தன. இரண்டு ஆண்டுகளில் அந்த நிலம் கோத்ரெஜ் கட்டுமான நிறுவனத்துக்குக் கைமாறிற்று. பொருள் போய்விட்டது, செய்தவர்களில் சிலர் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் தச்சருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருகிறேன். ‘ஸ்டார் ட்ரெக்’கில் தானாகத் திறக்கும் கதவுகளைப் பின்னாலிருந்து ஆள்கள்தான் இழுத்தார்கள் என்று படித்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தாம் இழுத்த கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தொடரின் பெயர் அவருக்கு நினைவில்லை. கதவு இரண்டு பலகை, அடியில் சைக்கிள் பால்ரஸ், இடப்பக்கம் இவர், வலப்பக்கம் ஒரு மராட்டிக்காரர், இருவருக்கும் ஒரே கயிறு. டைரக்டர் கை தட்டினால் இழுக்கவேண்டும். வலப்பக்கத்துக்காரருக்குக் காது மந்தம். அதனால் இவர் காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாராம்.