தொய்ந்த தோளின் அழகு

அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளில் புதன்கிழமை என்றால் புதுச் சரக்கு இறங்கும் நாள். இந்த வாரம் எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் தொடங்கிய இரண்டு தொடர்களை முதலில் கைகாட்டிவிடுகிறேன். ஒன்று, ஸ்காட் ஸ்னைடர் எழுத நிக் டிராகோட்டா வரையும் ‘அப்சலூட் பேட்மேன்’. பரம்பரைச் சொத்து ஏதும் இல்லாத புரூஸ் வெய்ன், மார்பில் பதிந்த வௌவால் சின்னத்தையே கழற்றிக் கோடரியாகச் சுழற்றுகிறான். மற்றது, கெல்லி தாம்ப்சன் எழுத ஹேடன் ஷெர்மன் வரையும் ‘அப்சலூட் வொண்டர் வுமன்’. நரகத்தில் சூனியக்காரி சர்சியின் மடியில் வளர்ந்த டயானா, வெறும் எலும்பாலான சிறகுக் குதிரையில் ஏறி வருகிறாள். இரண்டும் கண்ணுக்கு விருந்து. தாராளமாக எடுங்கள். ஆனால் கடையை விட்டு வெளியே வருமுன் பழைய தொகுப்புகள் அடுக்கிய பக்கமும் ஒரு நடை போய், கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ இருக்கிறதா என்று பாருங்கள். 2005 முதல் 2008 வரை 12 இதழ்களாக வந்து நிறைவுற்ற கதை அது. மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் இதழின் அட்டையில் கொஞ்சம் நில்லுங்கள். மேகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார் சூப்பர்மேன். இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தும் சிலைத் தோற்றம் இல்லை. இறுகிய முஷ்டி இல்லை. தோள் தளர்ந்து, தலை மட்டும் மெல்லத் திரும்பி, ‘வா, நீயும் வந்து உட்கார்’ என்பதுபோல நம்மைப் பார்க்கிறார். சான் டியேகோவில் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவில், சூப்பர்மேன் உடை போட்ட ஒருவர் முழங்காலை மடக்கி வெகு இயல்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் தமக்கு இந்த மனிதர் பிடிபட்டார் என்று மாரிசன் சொல்லியிருக்கிறார். எதனாலும் காயப்படாதவருக்கு விறைத்து நிற்க என்ன அவசியம்? அந்த ஒரு எண்ணம் எவ்வளவு நளினமாகக் கோட்டில் இறங்கியிருக்கிறது, பாருங்கள். முதுகின் அந்த இளகிய வளைவில் அகம்பாவம் துளியும் இல்லை.

புரட்டினால், முதல் பக்கத்தில் நான்கே கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே சொற்கள். அழியும் கிரகமும், தவிக்கும் பெற்றோரும், விண்ணில் பாயும் கலமும், குழந்தையைக் கண்டெடுக்கும் கன்சாஸ் தம்பதியும் அந்த எட்டுச் சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 1938 முதல் எத்தனையோ பேர் பக்கம் பக்கமாகச் சொல்லிவந்த பிறப்புக் கதை! வாசகனுக்குத் தெரிந்ததை மறுபடி ஓதாமல் விடுவதும் ஒரு மரியாதை. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் இரு பக்கமும் நிறையச் சூரியன். அதன் பொன்னொளியில் அவர் பறந்து வருகிறார். சுருக்கத்தை அடுத்து உடனே இந்த விரிவு. மூச்சை இழுத்துப் பிடித்துப் பிறகு விடத் தெரிந்த பாடகரின் கைவரிசை இது.

அந்தப் பொன்னொளிக்கு உரியவர் வண்ணக் கலைஞர் ஜேமி கிராண்ட். குவைட்லியின் பென்சில் கோடுகளைக் கணினியிலேயே மையேற்றி வண்ணமும் தந்தவர் அவர். அதனால்தான் வழக்கமான சூப்பர் ஹீரோ பக்கங்களில் அப்பிக் கிடக்கும் கனத்த கறுப்பு இங்கே இல்லை. மெல்லிய, லேசாக நடுங்குவது போன்ற கோடு. துணியின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். அவற்றின் நடுவே காற்று ததும்பும் வெளி. இரும்புக்கை மாயாவியின் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு, கோட்டின் அருமையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்னொரு பழைய உறவும் உண்டு. லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய ஸ்பைடரின் கதைகள் பலவற்றைப் பிரிட்டிஷ் வார இதழுக்காக எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர் அவர்தான்.

எனக்கு இந்தப் புத்தகத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்தவர், சூப்பர்மேன் சாதாரண மனிதராகப் போடும் வேடமான கிளார்க் கென்ட். கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டால் ஊரே எப்படி ஏமாறும் என்ற பழைய கேலிக்குக் குவைட்லி உடம்பாலேயே பதில் சொல்கிறார். தோள் தொய்ந்திருக்கிறது, வயிறு லேசாக முன்தள்ளி நிற்கிறது, அளவுக்கு மீறிய கோட்டு தொளதொளக்கிறது, கால்கள் எப்போதும் எதையாவது இடறுகின்றன. அதே உயரம், அதே எலும்பு, அதே முகம். இருந்தும் வேறு ஆள். முதல் இதழின் கடைசியில், காதலி லோயிஸ் லேனின் முன்னால் அவர் சட்டையைத் திறந்து உண்மையைச் சொல்லும் பக்கத்தில், அந்தத் தொய்வு மெதுவாக நிமிர்வதைப் பார்க்க வேண்டும். மந்திரமும் இல்லை, மின்னலும் இல்லை. முதுகெலும்பு நிமிர்கிறது, அவ்வளவே.

இந்தத் தடுமாற்றத்துக்குள் ஒரு கருணையையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதே இதழில் தெருவில் அரக்கப்பரக்க ஓடிவரும் கிளார்க் ஒரு மனிதர்மேல் மோதிவிடுகிறார். அவருக்கு வந்ததே கோபம்! மேலிருந்து விழும் பொருள் அவர் தலையில் விழாமல் தப்பியதே அந்த மோதலால்தான் என்பதை, கட்டத்தின் ஓரம்வரை பார்க்கிறவர்கள் மட்டுமே கண்டுகொள்வார்கள். ஒரு வசனமும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

கற்பனையின் குறும்புக்கும் குறைவில்லை. பழைய கதைகளில் சூப்பர்மேனின் பனிக்கோட்டைக்கு ராட்சத மஞ்சள் சாவி உண்டு. இங்கே அது கையடக்கமான சாவி. வீட்டு வாசலில் போட்டு வைக்கலாம். குறுவிண்மீனின் செறிந்த பொருளால் ஆனதால் அதன் எடை ஐந்து லட்சம் டன். திருடன் வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்! லோயிஸின் பிறந்தநாளுக்கு ஒருநாள் மட்டும் அதிசய ஆற்றல் பரிசாகக் கிடைப்பதும், அன்று நிலவில் நிகழும் முத்தமும் சிறுவர் கதையின் களங்கமற்ற இனிமை கொண்டவை.

இவ்வளவு ஒளிக்கும் அடியில், நாயகனுக்கு நாள் எண்ணப்படுகிறது. சூரியனுக்குச் சென்ற ஆய்வுக் குழுவைக் காப்பாற்றப் போய், தாங்க முடியாத கதிரொளியை உள்வாங்கிவிட்டார். அவருடைய அணுக்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. பத்தாவது இதழில், மிச்சமிருக்கும் நேரத்தில் செய்து முடிக்க வேண்டிய பெரிய வேலைகள் ஆயிரம். அவற்றின் நடுவே ஒரே ஒரு பக்கம்: உயரமான கட்டடத்தின் விளிம்பில் நிற்கிறாள் ஒரு சிறுமி, அவள் கையிலிருந்து அலைபேசி நழுவுகிறது. வானத்திலிருந்து ஆர்ப்பாட்டமாகப் பாய்ந்து வந்து பிடிக்கும் காட்சியை எந்த ஓவியரும் ஆசையோடு வரைந்திருப்பார். குவைட்லி சூப்பர்மேனை அவள் பின்னால் சும்மா நிற்க வைக்கிறார். தோளில் ஒரு கை. அவளுடைய மருத்துவர் வராமல் போனது அலட்சியத்தால் அல்ல, உண்மையாகவே வழியில் தாமதமானதால்தான் என்று முதலில் சொல்கிறார். பிறகு அணைத்துக்கொள்கிறார். மலையைத் தூக்கும் கை இவ்வளவு மென்மையாக இறங்க முடியும் என்று காட்டியதில், அரை நூற்றாண்டுக் காமிக்ஸில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு பக்கம் தெரியவில்லை.

ஆனால் பத்தாவது இதழுக்கு நேரே தாவிவிடாதீர்கள். வரிசையாகப் போங்கள். ஐந்தாவது இதழ் வந்ததும் நிதானியுங்கள். சிறையில் இருக்கும் பரம எதிரி, விஞ்ஞான மேதை லெக்ஸ் லூதரைப் பேட்டி காணக் கிளார்க் போகிறார். உள்ளே கலவரம் மூள்கிறது. லூதர் இதழ் முழுக்கத் தன் பெருமையையே பேசிக்கொண்டு நடக்க, கிளார்க் இடறுகிறார், தடுக்குகிறார், அசடு வழிகிறார். ஒவ்வொரு இடறலும் அந்த மேதையின் உயிரைக் காப்பாற்றுகிறது. மேதைக்குத்தான் தெரியவே இல்லை. முதல் வாசிப்பில் லூதரின் பேச்சு உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், போகட்டும். மறு வாசிப்பில் வசனத்தைத் தொடாமல் கிளார்க்கின் கால்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.