வெந்நீரும் தேய்த்த கைகளும்

அருங்காட்சியகமும் ஒரு பிரதிதான் என்றால், அதில் எந்த உடல் எழுவாய், எந்த உடல் வெறும் வினை என்று கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று நகரைச் சுற்றிவந்தபோது இந்தக் கேள்வி என்னை விடவில்லை. லிட்டில் ராக்கிலிருந்து காரில் போனோம். 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் சேர்க்க ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்ததே, அதே லிட்டில் ராக்தான். காரை எடுத்துக்கொண்டு இஷ்டத்துக்கு ஊர் சுற்றுவது அமெரிக்கச் சுதந்திரத்தின் படிமம் என்பார்கள். சரி, யாருடைய சுதந்திரம்? எந்த ஊரில் தங்க இடம் தருவார்கள், எங்கே சோறு போடுவார்கள் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்ல 1936இல் விக்டர் ஹியூகோ கிரீன் தனியாக ஒரு கையேடே போட வேண்டியிருந்தது.

மலையடிவாரத்தில் 47 ஊற்றுகள். வெப்பம் சுமார் 62 டிகிரி செல்சியஸ். இன்று பீறிடும் நீர் ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் மழையாய் விழுந்தது என்கிறது அறிவியல். குவாபா மக்களின் நிலம் 1818 ஒப்பந்தத்தில் கைமாறியது. 1832இல் அரசு ஊற்றுகளைத் தன்வசம் ஒதுக்கிக்கொண்டது. 1921இல் தேசியப் பூங்கா ஆனது. ஒரே தெருவில் எட்டுக் குளியல் மாளிகைகள், அதில் ஒன்றின் பெயர் குவாபா. நிலம் போச்சு, பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது.

1915இல் திறந்து 1962இல் மூடப்பட்ட ஃபோர்டைஸ் மாளிகைதான் 1989 முதல் அருங்காட்சியகம். சலவைக்கல், வண்ணக் கண்ணாடி விதானம். ஆண்கள் குளிக்கும் கூடத்தில் ஒரு சிலை: ஸ்பானியப் படையெடுப்பாளன் டி சோட்டோவுக்குப் பூர்வகுடிப் பெண் ஒருத்தி நீர் தருகிறாள். பறித்ததைத் தந்ததாக மாற்றிச் சொல்லும் வேலையை இந்தச் சிலை கச்சிதமாகச் செய்கிறது. வாங்குபவனுக்கு வரலாற்றில் பெயர் உண்டு. அவளுக்கு இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது சிலையைப் பற்றி அல்ல. இங்கே குளியல் என்பது மருத்துவச் சொல்லாடல். 21 குளியல் ஒரு சுற்று. தொட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு உட்காரும் நீராவிப் பெட்டி, சூடான துணிப் பொதி, ஊசி ஊசியாய்ப் பாயும் ஷவர். உடலை இப்படிப் பகுத்து, நேரம் வகுத்து ஆளும் அதிகாரத்தை ஃபூக்கோவை வைத்து யாரும் எழுதிவிடலாம். அந்த எழுத்தில் நழுவிப்போவது தேய்த்த கை. வெள்ளையர் மாளிகைகளில் பணியாளர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஊரில் மேகநோய்க்காரர்களுக்குப் பாதரசக் களிம்பு தேய்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். அந்த விஷம் யார் உள்ளங்கை வழியாக இறங்கியிருக்கும்?

நாள் முழுக்க அந்தப் புழுக்கத்தில் நின்று வெள்ளை உடல்களைத் தேய்த்தவர்கள் அதே தொட்டியில் இறங்க முடியாது. தீட்டு என்ற நம் சொல்லைப் போட்டு இதைச் சட்டென்று முடித்துவிட முடியவில்லை. தொடுவது இங்கே குற்றமில்லை, தொடச் சொல்லித்தான் காசு கொடுக்கிறார்கள். குற்றம், பக்கத்துத் தொட்டியில் சமமாகப் படுப்பது. வேலையாக வரும் உடலுக்குக் கதவு திறக்கும், இன்பம் கேட்டு வரும் உடலுக்கு மூடும். அதனால்தான் கறுப்பின அமைப்புகள் மால்வெர்ன் அவென்யூவில் தங்களுக்கென்று கட்டிக்கொண்டன: 1914இல் பித்தியன் குளியலகம், 1923இல் ஓட்டல், மருத்துவமனை, அரங்கம் எல்லாம் சேர்ந்த உட்மென் ஆஃப் யூனியன் கட்டிடம். குழாயில் வந்தது அதே ஊற்று நீர்தான்.

பூங்கா நிர்வாகம் இதை மறைக்கிறது என்று சொன்னால் பொய். இந்த வரலாற்றை அவர்களே எழுதுகிறார்கள். என் புகார் நடைபாதையைப் பற்றியது. உடை மாற்றும் அறை, தொட்டி, பொதி அறை, ஓய்வுக் கூடம், உடற்பயிற்சிக் கூடம் என்று பார்வையாளர் நடப்பது வாடிக்கையாளர் நடந்த வழி. கறுப்புக் கை எழுத்தில் வருகிறது, பாதையில் வரவில்லை. தொட்டி பீங்கானாக மிஞ்சும், தேய்த்த வேலை எந்தப் பொருளாகவும் மிஞ்சாது. பொருளை மட்டும் நம்பும் காட்சியகத்தில் உழைப்பு தோற்பது இப்படித்தான்.

1912 முதல் இன்றும் நடக்கிற பக்ஸ்டாஃபில் நானும் குளித்தேன். சுகமாகத்தான் இருந்தது, அதை ஏன் ஒளிக்க? முதுகு தேய்த்தவர் எனக்குத் துண்டைச் சுற்றிவிட்டு, அடுத்த ஆளின் தொட்டிக் குழாயைத் திறக்கப் போனார். எனக்குக் குளியல் ஒன்று. அவருக்கு அன்று அது எத்தனையாவதோ, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஃபோர்டைஸில் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கும் ஒரு நடைபாதை போட்டிருக்கலாம்: ஈரத் துண்டுகளோடு தொட்டிக்கும் பொதி அறைக்கும் நடுவே, போய், திரும்பி, மறுபடி போய்.