‘ஷோலே’: இடமும் உரிமையும்

ரமேஷ் சிப்பியின் நெறியாள்கையில் 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ என்னும் இந்தித் திரைப்படத்தின் ராம்கர் கிராமத்திலே தாக்கூர், இமாம், இளம் விதவை, குதிரைவண்டி ஓட்டும் பெண் எனப் பலதரப்பட்டோரைக் காண்கின்றோம். எனினும், இடம்பெறுதல் வேறு. உரிமை பெறுதல் வேறு.

கொள்ளையன் கப்பர் சிங்கினால் தாக்கூர் தம் குடும்பத்தினரையும் இரு கைகளையும் இழக்கின்றார். அவ்விழப்பே பழியுணர்வாகிக் கதையை நடத்துகின்றது. இமாமும் தம் மகன் அகமதுவை அதே கப்பருக்குப் பறிகொடுக்கின்றார். ஆயின், அவருக்கு வாய்ப்பது பழியன்று, பொறுமையே. அஞ்சிய ஊராரைத் தேற்றும் பொறுப்பும் அவர்மீதே சுமத்தப்படுகின்றது. விதவை ராதாவின் மறுமணத்துக்குத் தந்தையும் மாமனாராகிய தாக்கூரும் இசைந்த பின்னரும் ஜெய்யின் மரணம் அதனைத் தடுத்துவிடுகின்றது.

சிறுபான்மையினரின் தியாகத்தையும் விதவையின் துயரையும் போற்றும் இப்படம், அவர்தம் சினத்துக்கும் விருப்புக்கும் இடமளிக்கத் தயங்குகின்றது என்பதே எமது துணிபு.