பழைய தொட்டிக்கு இரண்டு டப்பா எபாக்சி

வேலையைத் தொடங்கும் முன் தொட்டியின் விளிம்பில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பச்சென்று ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே எனாமல். ஒட்டாமல் நழுவினால் அக்ரிலிக் அல்லது ஃபைபர். இங்கே எடுத்துக்கொள்வது இரும்புத் தொட்டியை. வீட்டுக்காரரே குறைந்த செலவில் அதை வெள்ளையாக்க உதவும் இரண்டு டப்பா எபாக்சி பெயின்ட்டைப் பற்றியது இந்த விமர்சனம்.

மைசூரின் பெரும்பாலான பழைய வீடுகளில் ஒரு காலத்தில் குளியல் என்றால் விறகு அடுப்பில் காய்ந்த அண்டா வெந்நீரும் சொம்பும்தான். தொட்டி வைத்துக் குளிக்கும் பழக்கம் ஐரோப்பிய விருந்தாளிகளோடு வந்தது. வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்றே 1921இல் லலித மகாலைக் கட்டத் தொடங்கிய ஊர் இது. அந்தக் காலத்துப் பாணியில் எழுந்த பங்களாக்களில் இன்னமும் ஓரிரு வார்ப்பிரும்புத் தொட்டிகள் மங்கிப்போய், மூலையில் பழைய சாமான் சுமந்து கிடக்கின்றன. ஐந்தடித் தொட்டி ஒன்று நூறு கிலோவை எளிதாகத் தாண்டும். அதை உடைத்து மாடியிலிருந்து இறக்கி, புதிதாக ஒன்றை ஏற்றி, சுற்றியுள்ள டைல்ஸை மறுபடி ஒட்டி முடிப்பதற்குள் பட்ஜெட் எங்கோ போய்விடும். இருந்த இடத்திலேயே புதுப்பிப்பதுதான் கைக்கு அடக்கமான வழி.

ஆனால் கடையில் கிடைக்கும் எந்த டப்பாவும் பழைய எனாமலைத் திருப்பித் தராது. எனாமல் என்பது கண்ணாடிப் பொடியை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் உருக்கி இரும்போடு ஒன்றாக்கிய பூச்சு. அமெரிக்காவின் கோலர் நிறுவனம் தன் வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்குகிறது: 1883இல் ஜான் மைக்கேல் கோலர், குதிரைகள் தண்ணீர் குடிக்கும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டியாக்கினார். அந்தச் சூளை வெப்பத்துக்கு வீட்டில் வழியில்லை. நம்மால் முடிவது, கண்ணாடிமேல் ஒரு பிளாஸ்டிக் படலத்தைப் பிடித்துவைப்பது மட்டுமே.

பிடிப்பு என்றால் என்ன என்பதற்கு மைசூரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1937இல் தொடங்கி, இன்று பன்னிமண்டபத்தில் இயங்கும் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம்தான் 1962 முதல் இந்தியத் தேர்தல்களுக்கு விரல் மை தருகிறது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலோடு வேதிவினை புரிந்து கறையாகிவிடுவதால், அந்தத் தோல் வளர்ந்து உதிரும்வரை மை போகாது. எபாக்சிக்கு எனாமலோடு அப்படி ஒரு உறவு கிடையாது. மழமழப்பான கண்ணாடியில் அது ஒட்டிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். முக்கால்வாசி வேலை இதில்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. தொட்டி செத்துவிட்டது என்று தோன்றுவதில் பாதி, போர் தண்ணீரின் உப்புக்கறை. சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்துச் சிறிது நேரம் போர்த்தி வைத்தால் அது இளகி வந்துவிடும். இரவெல்லாம் விட்டுவிடக் கூடாது. பழைய எனாமல் அமிலத்தில் சொரசொரப்பாகும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. கறை போனதும் பளபளப்பு திரும்பினால் பெயின்ட் வாங்க வேண்டாம். மங்கலான அசல் எனாமல், எவ்வளவு வெள்ளையான எபாக்சியையும்விட நீடித்து உழைக்கும்.

திரும்பாவிட்டால் எபாக்சி. வெளிநாட்டில் இதற்கென்றே ரஸ்ட்-ஓலியம் ‘டப் அண்ட் டைல்’ போன்ற பெட்டிகள் உண்டு. இங்கே பெர்ஜரின் எபிலக்ஸ் போன்ற தொழிற்சாலை வகைகள் பெயின்ட் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு டப்பாவில் பேஸ், இன்னொன்றில் ஹார்டனர். தொட்டியின் உட்பரப்பு மூன்று, நான்கு சதுர மீட்டர்தான். மூன்று கோட்டுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் போதும். பெரிய பேக்தான் உண்டு என்று கடைக்காரர் சொன்னால் பக்கத்துக் கடையிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. பயன்படுத்துபவருக்குப் பிடிக்கும் அம்சம், இந்தப் பெயின்ட் தானாகச் சமன்படுவது: ஸ்பாஞ்ச் ரோலரின் தடம் சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது. பிடிக்காதது, அது கொடுக்கும் அவகாசம். கலந்த நொடியிலிருந்து வேதிவினை ஓடுகிறது. மொத்தத்தையும் ஆழமான டப்பாவில் கலந்தால் தானே சூடேறி நேரத்துக்கு முன்பே கட்டியாகிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் வேண்டியதை மட்டும் அளந்து கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்வதே சரி.

பூசும் முன் செய்ய வேண்டியவற்றில் ஒன்றைக்கூட விட முடியாது. விளிம்பில் உள்ள பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் பிசுக்கு மிஞ்சிய இடத்தில் பெயின்ட் விலகிக் குழி விழும். பெயர்ந்த இடங்களின் துருவை நீக்கி எபாக்சி பட்டியால் நிரப்ப வேண்டும். சின்னப் பள்ளங்களுக்கு எம்-சீல் போதும். பிறகு வாட்டர் பேப்பரை நனைத்து, எங்கும் பளபளப்பு தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். நனைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்தால் அந்தத் தூசி மூக்குக்குள் போகும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்கு மட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நூறு வயதுத் தொட்டிக்கு அப்படி எந்த வரம்பும் இருந்ததில்லை.

பலரும் தவறவிடுவது, தண்ணீர் வடியும் துளையில் மாட்டியிருக்கும் வேஸ்ட் கப்ளிங். அதைக் கழற்றாமல் சுற்றிலும் டேப் ஒட்டிப் பூசினால், பெயின்ட்டின் ஓரம் தண்ணீர் வடியும் வழியிலேயே முடிகிறது. படலம் முதலில் உரிவதும் அங்கேதான். கழற்றிவிட்டு, துளையின் உட்புறம்வரை பூசி, காய்ந்தபின் மறுபடி மாட்டினால் அந்த ஓரம் வளையத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கும். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதும் அன்றைய வேலையில் சேர்த்தி.

கையில் காசு குறைவாக இருப்பவர் குறைக்கவே கூடாத செலவு முகமூடி. தொட்டிக்குள் குனிந்து செய்யும் வேலை இது. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தலை இருக்கும் அதே குழியில் தேங்கும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். அதன் விலை பெயின்ட் விலையைத் தொட்டாலும் வாங்கத்தான் வேண்டும். பழைய பெயின்ட்டை உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரைத் தொடவே கூடாது. 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் தொட்டி புதுப்பிக்கும் வேலை செய்தவர்களில் 13 பேர் அதன் ஆவியால் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டது. காற்றோட்டம் போதாத பாத்ரூமில் வேலை செய்தவர்கள் அவர்கள்.

மைசூரில் இந்த வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் தோது. மழைக்காலத்து ஈரத்தில் ஹார்டனர் காற்றோடு வினைபுரிந்து, பிசுபிசுப்பான வெண்படலம் கட்டும். அதன்மேல் அடுத்த கோட் ஒட்டாது. ஏப்ரல் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். ரஸ்ட்-ஓலியம் பெட்டி தண்ணீர் படாமல் மூன்று நாள் வைக்கச் சொல்கிறது. சாதாரண எபாக்சிக்கு ஒரு வாரம் விடுவது நல்லது.

பலன்? வாசலில் நின்று பார்த்தால் புதுத் தொட்டி. குனிந்து பார்த்தால் லேசான ஆரஞ்சுத் தோல் சொரசொரப்பு தெரியும். வெயில் விழும் பாத்ரூமில் எபாக்சி நாளடைவில் மஞ்சளிக்கும். அங்கே கடைசிக் கோட்டைப் பாலியுரேத்தேனில் முடிக்கலாம். அதை ஸ்ப்ரே செய்யாமல் ரோலரிலேயே பூச வேண்டும். அதன் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் துளியாகப் பறந்தால் ஆஸ்துமாவைக் கிளப்பும். நம் குளியலுக்கே உரிய சோதனை, உடம்பில் பூசிக் குளிக்கும் மஞ்சள்தான். தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு தொட்டியைச் சோப்பு நீரில் கழுவிவிட வேண்டும். வெளிச்சத்தில் மஞ்சள் கறை மங்கும், இருட்டு பாத்ரூமில் அப்படியே நிற்கும். கம்பி நார் கூடாது. வழுக்காமலிருக்க உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் பாயைப் போட்டால், அதை எடுக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

இதனால், விருந்தாளி வந்தால் மட்டும் பயன்படும் தொட்டிக்கு இந்த எபாக்சியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். தினமும் முதியவர் இறங்கி ஏறும் தொட்டிக்கு வேண்டாம். புதுப் படலம் ஈரத்தில் வழுக்கும், அதைத் தடுக்கும் பாயும் போட முடியாது. துரு அரித்து அடியில் துளை விழுந்த தொட்டிக்குப் பெயின்ட் வாங்குவது வீண் செலவு. அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டு, வரும் பணத்தில் பாத்ரூமுக்கு ஒரு நல்ல பித்தளைக் குழாய் மாட்டிக்கொள்ளலாம்.