கத்தரி போடாதீர்கள்

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஆனந்த விகடன் தீபாவளி மலர் கேட்டால், “நாலு பக்கம் போயிருச்சுங்க, படமெல்லாம் அப்படியே இருக்குதுங்க” என்பார் கடைக்காரர். நமக்கும் படம்தானே வேண்டும்!

அந்த மலர்களில் வரைந்தவர்களில், ஓவியர் மாலியிடம் தேறிய கோபுலு (1924–2015), வசனமே இல்லாமல் சிரிக்க வைத்தவர். சபா கச்சேரியை வரைந்தால் பாடகரைப் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள், பின்வரிசையில்தான் கூத்து. கொட்டாவி, சரியும் அங்கவஸ்திரம், பக்கத்துத் தோளில் சாய்ந்த தூக்கம், எல்லாம் நாலைந்து கோடுகளில். பழைய பிளாக் அச்சுப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கோடு அழுந்திய தடம் சில சமயம் பின்பக்கத்தில் தெரியும். ஆஃப்செட்டில் இந்தச் சுகம் கிடையாது.

சிலர் படத்தை மட்டும் வெட்டி லேமினேஷன் செய்கிறார்கள். பாவம், பின்பக்கத்து ஜோக்குக்குத் தலை போய்விடுகிறது. முழு இதழாகவே வைப்பது உத்தமம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பழுப்பேறிவிடும்.

1987-இல் விகடன் அட்டையில் வந்த அரசியல் ஜோக்குக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. அந்த இதழ் மட்டும் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.