ஓடும்போதே மாறும் அடிப்பலகை

2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சாத்தான்குளம் போன்ற ஊர்களின் வீடுகளுக்கு வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, அடித்தளம் டெபியன். பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ரசிப்பது அதன் அடியில் கிடக்கும் ஜிலிப்சி நூலகத்தைத் தாங்கிய 'லிப்சி6' என்ற பொதியை.

கோப்பைத் திறக்க, நினைவகம் கேட்க, திரையில் ஓர் எழுத்தைக் காட்ட, ஏறக்குறைய எல்லா நிரலும் இதைத்தான் கூப்பிடும். இதை மேம்படுத்துவது, கடலில் ஓடும் வள்ளத்துக்கு அடிப்பலகை மாற்றுகிற வேலை. மாற்றும் கருவியான டிபிகேஜிக்கே இந்த நூலகம் வேண்டும் என்பதுதான் வேடிக்கை! டிபிகேஜி பழைய கோப்பின் மேல் எழுதாது; புதியதை வேறு பெயரில் பக்கத்தில் இறக்கிவிட்டு, ஒரே மூச்சில் பெயரை மாற்றும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழையதையே பிடித்திருக்கும். சேவைகளை மறுதொடக்கம் செய்யலாமா என்று நடுவில் கேட்பது அதனால்தான்.

இன்னும் நேர்த்தியானது, பழசுக்குத் தரும் மரியாதை. 2010 வாக்கில், நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயல்கூற்றை நூலகத்தை எழுதுபவர்கள் வேகப்படுத்தியதும், அதை விதிமீறிப் பயன்படுத்திய ஃபிளாஷ் பிளேயரில் ஒலி கரகரத்தது. தப்பு ஃபிளாஷுடையதுதான். ஆனாலும் ஜிலிப்சியின் 2.14 பதிப்பில் 64 பிட் கணினிகளுக்கு இரண்டு மெம்காப்பி வைத்தார்கள்: பழைய நிரலுக்குப் பழையது, புதிதாகக் கட்டுவதற்குப் புதியது. தலைகீழாக மட்டும் நடக்காது. புது நூலகத்தில் கட்டிய நிரல் பழைய கணினியில் 'ஜிலிப்சி 2.34 காணோம்' என்று நின்றுவிடும். அவசரப்பட்டு, எங்கிருந்தோ எடுத்த கோப்பைக் கையால் திணித்தவருக்கு அப்புறம் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடாமல் போகலாம்.